ரோமில் கோல்... ஜகார்த்தாவில் தங்கம்... 27 வயதில் ஓய்வு! துளசிதாஸ் பலராம் என்ற தமிழ் விங்கரின் கதை

திருவண்ணாமலையில் சாயங்கால வேளையில் பிள்ளைகள் பந்து உதைக்கும் எந்த மைதானத்துக்கு வேண்டுமானாலும் போய், அவர்களின் முதுகைப் பாருங்கள். 7 என்றால் ரொனால்டோ. 10 என்றால் மெஸ்ஸி. ஆர்சனல் ரசிகன் என்றால் அதே 7-க்கு மேலே சாகா என்று எழுதியிருக்கும். கொஞ்சம் விவரமான பையனிடம் கேட்டால் பெக்காம், கிக்ஸ் காலத்து மான்செஸ்டர் யுனைடெட் கதையையும் சொல்வான். இங்கிலாந்து விங்கர்களின் பெயர்கள் மலையடிவாரம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டன.

சரி, ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக இந்தியாவுக்காக கோல் அடித்த தமிழ் விங்கர் யார்?

பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அவர் பெயர் எந்த டி-ஷர்ட்டிலும் இல்லை, பாடப் புத்தகத்திலும் இல்லை. துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஹைதராபாத்துக்கு ஆடி, கல்கத்தாவை ஆண்டு, ஹூக்ளி நதிக்கரையில் தனி மனிதராக வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16-ம் தேதி 86 வயதில் மறைந்தவர். இரண்டு ஒலிம்பிக், ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒரு தங்கம், அர்ஜுனா விருது. ஆனால், மொத்த சர்வதேச வாழ்க்கையும் ஏழு ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டது.

விங்கர் என்பவர் யார்?

கால்பந்து பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மைதானத்தின் இரண்டு ஓரங்களிலும் வெள்ளைக் கோட்டை ஒட்டியே ஓடுபவர்தான் விங்கர். நடுவில் இருப்பவருக்குப் பந்து அடிக்கடி வரும். ஓரத்தில் இருப்பவர் காத்திருக்க வேண்டும். வந்தவுடன் எதிரணித் தடுப்பாட்டக்காரரை ஏமாற்றித் தாண்ட வேண்டும், கோட்டை ஒட்டி ஓட வேண்டும், கோல் முகத்துக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அதை வேறொருவர் தலையால் முட்டி வலைக்குள் தள்ளுவார். கூட்டம் அவர் பெயரைக் கத்தும். மறுநாள் பேப்பரில் அவர் படம் வரும். ஓடியவர் மறுபடியும் கோட்டுக்குத் திரும்பிப் போய்க் காத்திருப்பார்.

இன்றைய விங்கர் ஒருவர் 90 நிமிடத்தில் சுமார் 10 கிலோமீட்டர் ஓடுகிறார். நம் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் பாதிக்கு மேல் போனதும் கால் என்ன பேசும் என்று திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தூரத்தில் முக்கால் பங்கை ஒன்றரை மணி நேரத்தில், நின்று நின்று வேகமெடுத்து, நடுவில் இரண்டு பேர் காலை இடறிவிடும்போது ஓடினால் எப்படியிருக்கும்? பலராம் காலத்தில் பூட்ஸ் கனம். பந்து தோல் பந்து, மழையில் நனைந்தால் கல் மாதிரி ஆகிவிடும். கல்கத்தாவின் கால்பந்து சீசனோ சரியாக மழைக்காலத்தில்தான் வரும்.

இரண்டு ரூபாய் பூட்ஸ்

1936 அக்டோபர் 4. செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகூடா. ராணுவக் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. பிரிட்டிஷ் காலத்தில் மதராஸ் மாகாணத்திலிருந்து ராணுவத்தோடும் ரயில்வேயோடும் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பக்கம் ஏராளம். அம்மா முத்தம்மா, அப்பா துளசிதாஸ் காளிதாஸ். வசதியில்லாத வீடு.

பட்டாளம் இருக்கும் இடத்தில் பந்தும் இருக்கும். சிப்பாய்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே பையன்கள் கற்றுக்கொண்டார்கள். வெறுங்காலில் ஆடலாம், ஆனால் பெரியவர்களின் ஆட்டத்தில் சேர பூட்ஸ் வேண்டுமே? போலீஸ்காரர்கள் போட்டுத் தேய்த்துக் கழித்த பழைய பூட்ஸைப் பிடித்தார் பலராம். அதைச் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து, கால்பந்து பூட்ஸாக மாற்றி வாங்கிக்கொண்டார். அதற்காக அம்மாவிடம் வாங்கியது இரண்டு ரூபாய். பின்னாளில் எத்தனையோ பேட்டிகளில் அவர் இதைச் சொன்னதுண்டு.

அந்த நேரத்தில் ஹைதராபாத்தில் ஒரு ஆசிரியர் இருந்தார். சையத் அப்துல் ரஹீம். இந்திய அணிக்கும் பயிற்சியாளர், ஹைதராபாத் நகர போலீஸ் அணிக்கும் பயிற்சியாளர். அந்த போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அப்படியொரு சாதனையை அதற்கு முன் எந்த அணியும் செய்ததில்லை.

ரஹீமின் பாடத்திட்டமே தனி. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வித்தை காட்டக் கூடாது என்று விதி போட்டு ஒரு போட்டி நடத்துவார். வலது கால்காரர்கள் இடது காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று இன்னொரு போட்டி. பந்து வந்ததும் ஒரே தொடுதலில் அடுத்தவருக்குப் போய்விட வேண்டும். ஓரத்தில் ஆடுகிறவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

உள்ளூர் ஆட்டத்தில் பலராமைப் பார்த்த ரஹீம், ஹைதராபாத் மாநில அணியின் பயிற்சி முகாமுக்கு வரச் சொன்னார். வீட்டிலிருந்து முகாமுக்குத் தினமும் நெடுந்தூரம். போய்வரக் காசில்லை என்று பையன் சொல்ல, சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தவரும் ரஹீம்தான். காலையில் சைக்கிள் மிதித்துப் போய், பயிற்சி முடித்து, மறுபடியும் மிதித்து வீடு. தனியாக உடற்பயிற்சி வேறு எதற்கு!

1956-57 சந்தோஷ் டிராபி திருவனந்தபுரத்தில் நடந்தது. பம்பாயை வீழ்த்தி ஹைதராபாத் சாம்பியன். அணியில் பலராம் இருந்தார். அடுத்த ஆண்டும் கோப்பை ஹைதராபாத்துக்கே. இதற்கிடையில் 20 வயதுப் பையனுக்கு இந்திய அணியிலிருந்து அழைப்பு வந்தது. போக வேண்டிய இடம் மெல்போர்ன். ஒலிம்பிக்.

மெல்போர்னில் நான்காவது இடம்

1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடியதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எட்டே ஆண்டுகளில் அதே நாடு ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போனதைப் பற்றிப் பேசுவதில்லை. 1956 டிசம்பர் 1-ம் தேதி ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று இந்தியா அடித்தது. பம்பாய் வீரர் நெவில் டிசோசா ஹாட்ரிக். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 1-4, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. நான்காவது இடம். ஒலிம்பிக் கால்பந்தில் இன்றுவரை இந்தியாவின் உச்சம் அதுதான்.

அந்த அணியில் இருந்தவர்களில் மிக இளையவர்களில் ஒருவர் பலராம். மெல்போர்ன் முடிந்து வந்ததும் கல்கத்தா கூப்பிட்டது.

அகதிகளின் கிளப்புக்கு ஒரு தமிழ் கேப்டன்

ஈஸ்ட் பெங்கால் கிளப்பைப் பற்றித் தெரிந்துகொண்டால்தான் பலராம் அங்கே என்ன சாதித்தார் என்பது புரியும். தேசப் பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து வீடு, நிலம், தோப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு கல்கத்தாவுக்கு வந்த லட்சக்கணக்கான மக்களுக்கு மிஞ்சிய ஊர்ப் பெயர் அந்தக் கிளப்பில்தான் இருந்தது. அது ஜெயித்தால் வீட்டில் ஹில்சா மீன் குழம்பு. தோற்றால் அடுப்பே எரியாது என்பார்கள். எதிரி, அதே ஊரின் மோகன் பகான்.

அந்த மக்களுக்குத் தெற்கத்திக்காரர்கள் புதிதில்லை. 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐந்து பேரை 'பஞ்ச பாண்டவர்கள்' என்று கொண்டாடினார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேருமே தென்னிந்தியாவிலிருந்து போனவர்கள். அவர்கள் காலத்தில் 1949, 50, 51 என்று தொடர்ந்து மூன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கிடைத்தது. 1952-ல் கல்கத்தா லீக். அதோடு வறட்சி. பாண்டவர்கள் போன பிறகு லீக் கோப்பை கைக்கு வரவே இல்லை.

1957-ல் பலராம் வந்து சேர்ந்தார். 1958-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. 1960-ல் டூரண்ட் கோப்பையை மோகன் பகானோடு பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு கேப்டன் பட்டை பலராம் கைக்கு வந்தது.

1961 சீசன் அவருடையது. மழை, சேறு, மைதானத்தைச் சுற்றி மரக்கட்டை கேலரிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்த கூட்டம். அந்த லீகில் 23 கோல் அடித்து முதலிடத்தில் நின்றார் பலராம். ஓரத்தில் ஆடுகிறவருக்கு இது அசாதாரணமான எண்ணிக்கை. பந்தைக் கொடுப்பதோடு நிற்காமல், உள்ளே வெட்டி நுழைந்து தானே முடிப்பது அவர் பழக்கம். தேவைப்பட்டால் நடுவிலும் ஆடுவார், வலது பக்கமும் ஆடுவார், இரண்டு காலும் பேசும். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் லீக் சாம்பியன். அதே ஆண்டு ஷீல்டையும் மோகன் பகானோடு பகிர்ந்துகொண்டது. அந்தக் கிளப்புக்காக மொத்தம் நூறு கோல்களுக்கு மேல் அடித்தார்.

இத்தனைக்கும் அவர்கள் இன்றைய அர்த்தத்தில் 'புரொஃபஷனல்' வீரர்கள் இல்லை. கோடிக் கணக்கு ஒப்பந்தம், ஏஜென்ட், விளம்பரம் எதுவும் கிடையாது. போலீஸ், ராணுவம், ரயில்வே என்று எங்காவது ஒரு வேலை கிடைத்தால் அதுதான் வாழ்க்கைக்கான காப்பீடு. கால் உடைந்தாலும் உடம்பு படுத்தாலும் கிளப் பார்த்துக்கொள்ளும் என்ற நிச்சயம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

மூவர்

அன்றைய இந்தியாவின் தாக்குதல் என்றால் மூன்று பெயர்தான். பி.கே.பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம். வலது ஓரத்தில் பி.கே., இடது ஓரத்தில் பலராம், இருவருக்கும் இடையில் சுனி. பிரம்மா, விஷ்ணு, சிவன் மாதிரி என்று வங்காளப் பத்திரிகைகள் 'மும்மூர்த்திகள்' ஆக்கிவிட்டன.

வேடிக்கை என்னவென்றால், கல்கத்தாவில் இவர்கள் மூன்று பேரும் மூன்று எதிரெதிர் முகாம். சுனி வாழ்நாள் முழுக்க மோகன் பகான். பி.கே., ஈஸ்டர்ன் ரயில்வே. 1958-ல் பெரிய கிளப்புகள் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு அந்த ரயில்வே அணியே லீகை வென்றது. பலராம், ஈஸ்ட் பெங்கால். சீசன் முழுக்க ஒருவரையொருவர் வீழ்த்தப் பார்ப்பார்கள். நீல ஜெர்சி போட்டதும், கண்ணை மூடிக்கொண்டே அடுத்தவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்து பந்து போடுவார்கள். தினமும் எதிரே நின்று ஆடியதுதான் அந்தப் புரிதலுக்குக் காரணமோ என்னவோ.

79-வது நிமிடம்

1960 ரோம் ஒலிம்பிக். தகுதிச் சுற்றில் ஆப்கானிஸ்தானையும், பிறகு இந்தோனேசியாவை இரண்டு முறையும் வென்று இந்தியா உள்ளே போனது. கேப்டன் பி.கே. பிரிவைப் பார்த்தால் தலைசுற்றும். ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. இன்று இந்தப் பிரிவில் இந்தியா சிக்கினால், தூக்கம் வராமல் மீம்ஸ் போட்டுக்கொண்டிருப்போம்.

ஆகஸ்ட் 26. மத்திய இத்தாலியில் மலைகள் சூழ்ந்த லாக்விலா என்ற ஊர். எதிரே ஹங்கேரி. 1952-ல் ஒலிம்பிக் தங்கம் வென்ற நாடு. அணியில் ஃப்ளோரியன் ஆல்பெர்ட் என்ற இளைஞர், பின்னாளில் 1967-ல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பேலன் டி'ஓர் வாங்கப் போகிறவர். முதல் பாதியில் ஒரு கோல், இரண்டாம் பாதியில் ஆல்பெர்ட் இன்னொன்று. 2-0.

அந்தக் காலத்து இந்திய அணிக்கு ஒரு பெரிய பலவீனம் இருந்தது. உள்ளூரில் ஆட்டங்கள் 90 நிமிடம் இல்லை, 70 நிமிடமோ அதற்கும் குறைவோதான். சர்வதேச ஆட்டத்தில் கடைசி இருபது நிமிடம் என்பது, பழகாத உடம்புக்கு மலையேற்றம். பெரும்பாலான அணிகள் இந்தியாவை வீழ்த்தியது அந்த இருபது நிமிடத்தில்தான். 79-வது நிமிடம் என்பது சரியாக அந்த நேரம்.

அப்போது பலராம் கோல் அடித்தார். 2-1. மீதி நேரம் ஹங்கேரி தன் கோலைக் காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆட்டம் அப்படியே முடிந்தது, இந்தியா தோற்றது. அந்த ஹங்கேரிதான் பிறகு ரோமில் வெண்கலம் வாங்கியது.

மூன்று நாள் கழித்து பிரான்ஸ். பி.கே. அடித்த கோலில் இந்தியா முன்னிலை. 82-வது நிமிடத்தில் பிரான்ஸ் சமன் செய்தது, 1-1. கடைசி ஆட்டத்தில் பெருவிடம் 1-3. இந்தியா ஊருக்குத் திரும்பியது.

அந்தப் பெரு ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தது யார் என்பதில் ஒரு சுவையான குழப்பம் உண்டு. சில ஆவணங்கள் பலராம் என்கின்றன. தமிழ்நாட்டில் நாம் கேட்டு வளர்ந்தது சைமன் சுந்தர்ராஜ் அடித்தார் என்பது. அவரும் அதே அணியில் ஆடிய தமிழர். ரோமுக்குப் பிறகு இந்திய ஆண்கள் கால்பந்து அணி இன்றுவரை ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை என்பதால், அதுதான் ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி கோல். யார் கணக்கில் எழுதினாலும் அந்தக் கோல் ஒரு தமிழர் காலிலிருந்து போனதுதான்!

ஒரு லட்சம் பேர் கூச்சலிட்ட மாலை

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. ரஹீம் உடல்நலம் குன்றியிருந்தார். புற்றுநோய். வீரர்களுக்கு முழு விவரம் தெரியாது. கேப்டன் இப்போது சுனி கோஸ்வாமி.

முதல் ஆட்டமே தென்கொரியாவிடம் 0-2. முடிந்தது கதை என்றார்கள். அடுத்து தாய்லாந்தை 4-1. ஆனால், அதில் தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டு, தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானுக்கு எதிராக ஜெயித்தே தீர வேண்டும். 2-0. ஒன்று பி.கே., இன்னொன்று பலராம். அரையிறுதியில் ரஹீம் ஒரு காரியம் செய்தார். தையல் போட்ட தலையோடு வந்த ஜர்னைலைத் தடுப்புக்கு அனுப்பாமல் முன்வரிசை நடுவில் நிறுத்தினார். தெற்கு வியட்நாமை 3-2 என்று தாண்டியது இந்தியா.

அதற்குள் ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா போட்டிக்கு அனுமதிக்கவில்லை. இதை எதிர்த்து, இப்படி நடத்தினால் இதற்கு ஆசிய விளையாட்டுப் போட்டி என்ற பெயரே கூடாது என்ற கோரிக்கையை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி.சோந்தி கிளப்பினார். விளைவு, இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. வீரர்கள் போகும் பஸ்ஸில் இந்தியா என்ற அடையாளம் தெரியக் கூடாது என்ற நிலை. ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து மைதானத்துக்குப் போனதாக வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள்.

செப்டம்பர் 4, இறுதிப் போட்டி. எதிரே மறுபடியும் தென்கொரியா. செனாயன் மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர், தேசிய கீதத்துக்கே கூச்சல். இந்தியாவுக்குக் கைதட்டியவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் இருந்தார்கள் என்பது அந்த நாளின் அழகான விஷயம். காய்ச்சலால் சில ஆட்டங்களைத் தவறவிட்ட பீட்டர் தங்கராஜ் கோல்கீப்பராகத் திரும்பினார். மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் ஆடி வளர்ந்த, இன்னொரு ஹைதராபாத் தமிழர். ஒரு முனையில் தங்கராஜ், மறுமுனையின் இடது ஓரத்தில் பலராம்.

17-வது நிமிடம் பி.கே. கோல். மூன்று நிமிடம் கழித்து ஜர்னைல். தையல் போட்ட தலைக்காரர்! கடைசி நேரத்தில் கொரியா ஒன்று திருப்பியது. 2-1. தங்கம்.

இறுதிப் போட்டியில் பலராம் பெயரில் கோல் இல்லை. அதனால் அந்த ஆட்டத்தைப் பற்றிய பழைய கட்டுரைகளில் அவர் பெயர் பெரும்பாலும் பதினோரு பேர் பட்டியலில் மட்டும் வருகிறது. விங்கரின் தலையெழுத்து அது. ஆனால், இடது ஓரத்தில் அவர் நின்றால் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் அந்தப் பக்கம் கட்டிப்போட்டது போலாகிவிடுவார்கள். நடுவில் ஜர்னைலுக்கும் வலதில் பி.கே.வுக்கும் கிடைத்த இடம் சும்மா கிடைத்ததில்லை.

அந்த ஆண்டே அர்ஜுனா விருது வந்தது.

மூச்சு

1963-ல் ஈஸ்ட் பெங்காலை விட்டு பி.என்.ஆர். என்கிற பெங்கால் நாக்பூர் ரயில்வே அணிக்கு மாறினார் பலராம். ரயில்வே என்றால் நிரந்தர வேலை. அதே ஆண்டு ஜூன் 11-ம் தேதி ரஹீம் இறந்தார். சைக்கிளுக்கு ஏற்பாடு செய்த மனிதர்.

அதே காலகட்டத்தில்தான் பலராமுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நுரையீரலில் காசநோய் என்றார்கள் டாக்டர்கள். மருந்தில் குணமாகும் நோய்தான். ஆனால், 10 கிலோமீட்டர் ஓட வேண்டியவருக்கு நுரையீரல்தானே முதலீடு? ஆட்டத்தை விடச் சொன்னார்கள். விட்டார். வயது 27.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற விங்கர் ஸ்டான்லி மேத்யூஸ் ஒரு ஒப்பீட்டுக்கு உதவுவார். 1956-ல் முதன்முதலில் கொடுக்கப்பட்ட பேலன் டி'ஓர் விருதை வாங்கியவர் அவர். 1965 பிப்ரவரியில், 50-வது பிறந்தநாள் முடிந்து ஐந்து நாள் கழித்து, ஸ்டோக் சிட்டிக்காக இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் தன் கடைசி ஆட்டத்தை ஆடினார். மேத்யூஸை விட 21 வயது இளையவரான பலராம், அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். ஒருவருக்குப் பின்னால் கிளப், மருத்துவர், உணவு, மசாஜ் என்று ஒரு தொழிலே நின்றது. இன்னொருவருக்குப் பின்னால் ரயில்வே வேலை மட்டும்.

ஆனால், அந்த வேலை அவரைக் காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். ரயில்வேயில் இருந்தபடியே பி.என்.ஆர். அணிக்கும் இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்கத்தாவுக்கு வடக்கே உத்தர்பாராவில், ஹூக்ளி நதியை ஒட்டிய ஃபிளாட்டில் தனியாகவே வாழ்ந்தார். செகந்திராபாத்துக்கும் திரும்பவில்லை, தமிழ்நாட்டுக்கும் வரவில்லை.

வராத கடிதம்

மூவரில் சுனி கோஸ்வாமிக்கு 1983-ல் பத்மஸ்ரீ. பி.கே.பானர்ஜிக்கு 1990-ல் பத்மஸ்ரீ. மூன்றாமவருக்குக் கடைசிவரை வரவில்லை.

இதில் தனக்கு வருத்தம் உண்டு என்பதை பலராம் மறைத்ததில்லை. தான் கேப்டனாக இருந்து கோப்பை வாங்கிக் கொடுத்த கிளப்போடும் கடைசிக் காலத்தில் அவருக்கு மனக்கசப்பு. தன் உடலைக்கூட அங்கே கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பி.கே.யும் சுனியும் ஓய்வுக்குப் பிறகும் பொதுவெளியில் இருந்தார்கள். பி.கே. புகழ்பெற்ற பயிற்சியாளர் ஆனார். சுனி கிரிக்கெட்டிலும் வங்காள ரஞ்சி அணிக்கே கேப்டன் ஆனார். இருவரும் வங்காளிகள், சொந்த ஊரில் சொந்த மொழியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். பலராமுக்கு எந்த மாநிலமும் முழுதாகச் சொந்தமில்லை. ஹைதராபாத் அவரை வங்காளத்துக்குக் கொடுத்துவிட்டது. வங்காளத்துக்கு அவர் தெற்கத்திக்காரர். தமிழ்நாட்டுக்கோ அவர் நம்மவர் என்பதே தெரியாது. விருதுக்குப் பரிந்துரைக்க ஆள் வேண்டும், ஆளுக்கு ஒரு ஊர் வேண்டும். இதுதான் உண்மையான காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் யோசிக்க வைக்கிறது.

2020 மார்ச் 20-ம் தேதி பி.கே. போனார். நாற்பத்தோரு நாள் கழித்து, ஏப்ரல் 30-ல் சுனி. மும்மூர்த்திகளில் மிஞ்சியது பலராம் மட்டும். 2022 டிசம்பர் கடைசியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், அடுத்த பிப்ரவரியில் மறைந்தார். ரஹீமின் வாழ்க்கையைச் சொல்லும் இந்திப் படம் 'மைதான்', அஜய் தேவ்கன் நடிப்பில் 2024 ஏப்ரலில் வெளியானது. அதில் பலராம் ஒரு பாத்திரமாக வருகிறார். படம் வந்தபோது அதைப் பார்க்க மூவரில் ஒருவரும் இல்லை.

ஓரத்தில் இன்றும் தமிழர்கள்

தமிழ்நாட்டிலிருந்து விங்கர்கள் வருவது நின்றுவிடவில்லை. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் வந்தார். சென்னையிலிருந்து நந்தகுமார் சேகர் வந்தார். இவர்கள் ஆடுவது ஐ.எஸ்.எல். காலத்தில். ஒப்பந்தம் உண்டு, பிசியோ உண்டு, காயம் பட்டால் அறுவை சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் ஆட்கள் உண்டு. பலராமுக்கு வந்த நோய் இன்று ஒரு வீரருக்கு வந்தால், ஆறு மாத மருந்தும் சில மாத ஓய்வும் எடுத்துத் திரும்பி வர நிறைய வாய்ப்பு இருக்கிறது.

இதில் நந்தகுமார் 2023-ல் சேர்ந்த அணி, ஈஸ்ட் பெங்கால். பலராம் இறந்து சரியாக ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2019 ஜனவரிக்குப் பிறகு மோகன் பகானை ஒரு முறைகூட ஜெயிக்க முடியாமல், தொடர்ந்து எட்டு டெர்பி ஆட்டங்களில் தோற்றுக் கிடந்த கிளப் அது. ஆகஸ்ட் 12, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், டூரண்ட் கோப்பை. 60-வது நிமிடத்தில் வலது ஓரத்தில் நந்தகுமாருக்குப் பந்து கிடைத்தது. எதிரே வந்தவரை ஏமாற்றி உள்ளே வெட்டி, இடது காலால் தூர மூலைக்கு வளைத்தார். ஈஸ்ட் பெங்கால் 1, மோகன் பகான் 0.